ஆறாம் நம்பர் பெட்டி மீதான விசாரணை

மடியில் இருப்பது பொம்மை ரயில்தானே, தோழர்? அட்டையில் படம் போட்டிருக்கிறது, அதனால் கேட்டேன். மகளுக்கா? பிறந்த நாளா? நல்லது. வீட்டுக்குப் போய்ப் பிரித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு பெட்டியையும் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் முன்னால் ஒரு திருகாணி இருக்கும், பின்னால் ஒரு திருகாணி இருக்கும். முன்னால் இருப்பதை விட்டுவிடுங்கள். பின்னால் இருப்பதை அரைச் சுற்று தளர்த்துங்கள். அரைச் சுற்றுதான். ஏன் எதற்கு என்று கேட்காதீர்கள்.

சரி, கேளுங்கள். ரயில்வே கேட் மூடியிருக்கிறது. டிரைவர் பஸ்ஸை அணைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அவர் உரிமை அது. ரயில் வந்து போகிற வரைக்கும் நாம் இரண்டு பேரும் இங்கேதான்.

என் பெயர் சவரிமுத்து. ரயில் பெட்டிப் பட்டறையில் முப்பத்தாறு வருடம் போகி செக்‌ஷனில் ஃபிட்டர். ஜனங்கள் பெட்டியையே போகி என்கிறார்கள். அது தப்பு. பெட்டிக்கு அடியில் நான்கு சக்கரத்தோடு ஒரு சின்ன வண்டி இருக்கும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அதுதான் போகி. பெட்டிக்குள் ஆள் உட்காருவான், போகி சுமக்கும். நான் யார் பக்கம் நின்றிருப்பேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிக்கூடப் படிப்பு எட்டாம் வகுப்பு. மீதியெல்லாம் துண்டறிக்கையில் படித்தது. படித்துப் படித்து எழுதவும் ஆரம்பித்தேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு துண்டறிக்கை, எல்லாவற்றிலும் ஒரு பிரதி வீட்டில் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. காலையில் சங்கு ஊதுவதற்குள் பட்டறை கேட்டில் எல்லார் கையிலும் என் காகிதம் இருக்கும். எந்த அதிகாரியையும் 'சார்' என்று கூப்பிட்டதில்லை. 'அதிகாரி அவர்களே', அவ்வளவுதான். சில பேர் அதை மரியாதை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்கள். குத்தல் புரிய அவர்களுக்கு நாலு நாள் ஆகும்.

எண்பத்து மூன்றாம் வருடம். நான் முடித்துக் கொடுத்த ஒரு பெட்டி, பட்டறைக்கு வெளியே யார்டு வளைவில் தடம் இறங்கிவிட்டது. உள்ளே ஆள் கிடையாது. ஒரு வாளியும் ஒரு துடைப்பமும் இருந்தன. அவற்றுக்கும் காயமில்லை.

அப்போது ஜகதீசன் என்று ஓர் அதிகாரி. முப்பது வயது, தலை நிறைய முடி. எனக்குக் குற்றப்பத்திரிகை கொடுத்தார். 'தளர்வு விட வேண்டிய இடத்தில் விடாமல் இறுக்கியது.' இறுக்கியதாம்! என் கை இறுக்கினால் இறுக்கினதுதான், தோழர். பட்டறையில் என்னை 'இடுக்கி' என்று கூப்பிடுவார்கள். அது என் பெருமை. அதைக் கொண்டுபோய் குற்றமாக எழுதினார். விசாரணையில் நாற்காலி, முக்காலி என்று ஏதோ விளக்க வந்தார். என்ன சொன்னார் என்று தெரியாது. நான் அப்போது கோஷம் போட்டுக்கொண்டிருந்தேன்.

சர்வீஸ் புத்தகத்தில் சிவப்பு மையில் 'கண்டனம்' என்று ஒரு வரி ஏறியது. நான் விடவில்லை. 'வளைவு குற்றவாளியா, தொழிலாளி குற்றவாளியா?' என்று ஒன்பது துண்டறிக்கை போட்டேன். பகுதி ஒன்றிலிருந்து பகுதி ஒன்பது வரை. வரி போகவில்லை. ரிட்டயர் ஆன அன்று மாலை போட்டு அனுப்பினார்கள். மாலை கழுத்தில் இருந்தது, அந்த வரி புத்தகத்தில் இருந்தது.

இது நடந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மறந்திருக்கலாமே என்பீர்கள். மறந்துவிட்டேன். தினமும் காலையில் ஒரு தடவை ஞாபகம் வரும், அவ்வளவுதான்.

போன வருடம் எங்கள் நகரில் சாக்கடை அடைத்துக்கொண்டது. அதற்கொரு துண்டறிக்கை போட்டேன். இருநூற்றுப் பதினான்காவது அதுதான். வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது தெருவில் ஓர் அம்மா கதவைத் திறந்தார். காகிதத்தை முழுக்கப் படித்தார். இந்தக் காலத்தில் வாசலில் நின்று முழுக்கப் படிக்கிறவர்களைப் பார்க்க முடியாது. படித்துவிட்டு, "ரெண்டாவது பத்தியில ஒரு எழுத்துப் பிழை இருக்கு" என்றார். கணக்கு டீச்சராக இருந்தவராம், புஷ்கலா என்று பெயர். நானும் டீச்சர் என்றே கூப்பிடுகிறேன். டீச்சரும் உழைக்கும் வர்க்கம்தான்.

"கீழே சவரிமுத்து, ரயில்வேன்னு போட்டிருக்கே. நீங்க பெட்டி வேலை பார்த்தவரா?"

"போகி."

"அப்ப மாடிக்கு வாங்க. இவர் மூணு நாளா சரியா சாப்பிடலை. ஒரு பெட்டி ஓட மாட்டேங்குதாம்."

ரயில்வே மாடியில் எங்கே வந்தது என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். அறை முழுக்கப் பலகை. பலகை மேல் தண்டவாளம், ஸ்டேஷன், சிக்னல், பச்சைப் பொடி தூவின புல்வெளி. எஞ்சின் ஒரு சாண். பெட்டி ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. மேசைக்கு அடியிலிருந்து ஒரு மனிதர் முட்டி போட்டபடியே வெளியே வந்தார்.

ஜகதீசன்.

"யாரு... சவரிமுத்துவா?"

"ஆமாம், அதிகாரி அவர்களே. எழுந்திருக்க வேண்டாம்."

முப்பத்தாறு வருடம் போராடிப் பார்க்காத காட்சி அது, தோழர். ஓர் அதிகாரி என் முன்னால் முட்டி போட்டு. சாக்கடைக்கு நன்றி சொன்னேன்.

ஏழு பெட்டி தண்டவாளத்தில் நின்றது. எட்டாவது அலமாரியில் தனியாகக் கிடந்தது. பக்கத்தில் 6 என்று எழுதியிருந்தது.

"அது என்ன தனியாக?"

"அது ஆறாம் நம்பர். எப்பப் பாரு, ஜன்னலோர வளைவுல இறங்கிடுது. வர்ற மாசி மாசம் தஞ்சாவூர்ல பொம்மை ரயில் கண்காட்சி. பத்து ரவுண்டு நிக்காம ஓடிக் காட்டணும். அதான் எடுத்து வெச்சுட்டேன்."

"சஸ்பென்ஷன்."

"அப்படித்தான் வெச்சுக்கோயேன்."

"விசாரணை நடந்ததா?"

"பொம்மைப் பெட்டிக்கு விசாரணையாய்யா?"

"விசாரணை இல்லாமல் தண்டனையா? உங்களுக்கு இது பழக்கம். பெட்டிக்கு இது புதுசு."

டீச்சர் சிரித்துவிட்டார். எனக்கு அப்போதுதான் யோசனை வந்தது. அந்தப் பெட்டிக்காக நான் வாதாடுகிறேன் என்றேன். வேலையும் நானே பார்க்கிறேன். அது மற்ற ஏழோடு சேர்ந்து பத்து சுற்று இறங்காமல் ஓடினால், எண்பத்து மூன்றில் என் மேல் போட்ட குற்றம் தப்பு என்று அதிகாரி தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"ஓடலைன்னா?"

"பத்தாவது துண்டறிக்கை போடுகிறேன். என் கைதான் காரணம் என்று. பட்டறை கேட்டில் நானே நின்று கொடுக்கிறேன்."

சொன்ன பிறகுதான் யோசித்தேன். பட்டறையில் இப்போது இருக்கிற பையன்களுக்கு என்னைத் தெரியாது. அவர்கள் கையில் கிடைக்கப்போகிற என்னுடைய முதல் காகிதம் அதுவாக இருக்கும். ஆனால் வாயை விட்டாகிவிட்டது.

டீச்சர்தான் விசாரணை அதிகாரி. ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். திங்கள், புதன், வெள்ளி, சாயங்காலம் நாலு மணி.

முதல் நாள் பெட்டியைக் கவிழ்த்தேன். அச்சு ஒவ்வொன்றிலும் முடி சுற்றியிருந்தது. சக்கரம் எப்படிச் சுழலும்? அதிகாரி உடனே, "எல்லாம் வீட்டுப் பெண்களால வர்றது. தலையை விரிச்சுப் போட்டுட்டு ரூமுக்குள்ள வரக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றார்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இடுக்கியால் ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கருகருவென்று இருந்தது.

"என் முடி இந்த நிறத்துல இருந்து பதினஞ்சு வருஷமாச்சு. இந்த வீட்டுல மாசம் ஒரு தடவை சாயம் அடிக்கிறது யாரு?"

அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 'நிர்வாகத்தின் முடி' என்று பதிவு செய்யச் சொன்னேன். பதிவாகியிருக்கிறது.

இரண்டாவது, சக்கரம். அச்சில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி என்று கணக்கு உண்டு. அதைப் பார்க்க அதிகாரியிடம் பித்தளைத் தகடு ஒன்று இருந்தது. வைத்துப் பார்த்தால் ஒரு ஜோடி உள்ளே தள்ளியிருந்தது. முறுக்கி இழுத்துச் சரி செய்தேன். மூன்றாவது, எடை. பெட்டி காகிதம் மாதிரி லேசாக இருந்தது. லேசான பெட்டியை வளைவில் முன்னாலும் பின்னாலும் இழுத்தால் உள்பக்கம் சாயத்தானே செய்யும்? காவிரிக் கரையில் தூண்டில் விற்கிறவனிடம் ஈயக்குண்டு வாங்கி வந்து, தரையோடு தரையாகப் பரப்பி ஒட்டினேன். மேலே ஒட்டக் கூடாது, தோழர். எடை கீழே இருக்க வேண்டும். சமுதாயம் மாதிரி.

கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது, நிமிர்த்தினேன். எல்லாம் முடிந்து இரண்டு போகியின் திருகாணியையும் இறுக்கினேன். இடுக்கிப் பிடி.

ஓட்டிப் பார்த்தோம். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று சுற்று ராஜா மாதிரி போயிற்று. நாலாவது சுற்றில் ஜன்னல் வளைவில் படுத்துவிட்டது.

"வளைவு சரியில்லை" என்றேன்.

"மத்த ஏழு பெட்டி போகுதே?"

"ஏழு பேர் அநியாயத்தைச் சகித்துக்கொண்டால் எட்டாவது ஆளும் சகிக்க வேண்டுமா?"

வளைவை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். இரண்டு பலகை சேருகிற இடம் அது. ஒரு பலகை, ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் இறங்கியிருந்தது. நாணயத்தை வைத்து நிரூபித்தேன். தண்டவாளத்தின் ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் பள்ளம். நான் அந்த அறையில் ஆடியிருக்கிறேன், தோழர், இந்த வயதில்! "வளைவு குற்றவாளி! எழுதிக்கொள்ளுங்கள் டீச்சர், வளைவு குற்றவாளி!"

அதிகாரி அசையவில்லை.

"உலகத்துல எந்தத் தண்டவாளம்யா மட்டமா இருக்கு? மழை பெஞ்சா இறங்கும், வெயில் அடிச்சா நெளியும். அது மேலதான் பெட்டி போகணும். டீச்சர் உக்காந்திருக்கிறதைப் பாரு. முக்காலி. கரடுமுரடான தரையில போட்டாலும் ஆடாது. நாற்காலி போட்டா ஒரு கால் தூக்கிக்கும். ஒரு போகி திரும்பினா மட்டும் போதும், சாயக் கூடாது. இன்னொரு போகி எந்தப் பக்கமும் சாஞ்சு குடுக்கணும். அப்ப பெட்டி முக்காலி மாதிரி உக்காரும். நீ ரெண்டையும் இறுக்கி நாற்காலி ஆக்கிட்டே. பள்ளம் வந்ததும் ஒரு சக்கரம் அந்தரத்துல நிக்குது. அன்னைக்கும் இதைத்தான்யா சொல்ல வந்தேன்."

இந்த முறை கோஷம் போட ஆள் இல்லை. அதனால் முழுதும் காதில் விழுந்துவிட்டது.

டீச்சர் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த முக்காலியை ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அவர் நடுநிலை.

"முக்காலியைக் காட்டித் தொழிலாளியை ஏமாற்ற முடியாது" என்றேன். "பலகையை நிர்வாகம் சரி செய்யட்டும்."

"சரி செய்ய மாட்டேன். நீ திருகாணியைத் தளர்த்து."

"தளர்த்த மாட்டேன்."

எப்படித் தளர்த்துவேன், சொல்லுங்கள். தளர்த்தினால், அன்றைக்குத் தளர்த்தாதது தப்பு என்று நானே கையெழுத்துப் போட்டது ஆகாதா? ஒன்பது துண்டறிக்கை என்ன ஆவது? இன்னும் கால் சுற்று இறுக்கினேன். அவர் பார்க்கும்படியே இறுக்கினேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சோதனை என்று டீச்சர் உத்தரவு போட்டார்.

அந்த ஒரு வாரம் நான் வீட்டில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். பகுதி பத்து. 'தோழர்களே' என்று எழுதுவேன். அதற்கு மேல் வராது. இருநூற்றுப் பதினான்கு எழுதின கைக்கு ஒரு வரி வரவில்லை. பேனா சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பெட்டியைத் தண்டவாளத்தில் கோத்துவிட்டு, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினேன். டீச்சர் அடுக்களையில் மசால் வடை போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று சாப்பிட்டேன். திரும்பி மேலே வந்தபோது அதிகாரி நாற்காலியில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார், கை இரண்டும் மடியில்.

வண்டி கிளம்பிற்று. ஜன்னல் வளைவு. பெட்டி லேசாகத் தலையை ஆட்டிற்று, போய்விட்டது. இரண்டு, மூன்று. நாலாவது சுற்றில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் மாறவில்லை. ஏழாவது சுற்றில் டீச்சர் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு நின்றுகொண்டார். ஒன்பது. பத்தாவது சுற்று முடிந்து ஸ்டேஷனில் நின்றபோது எட்டுப் பெட்டியும் ஒரே வரிசை. நூல் பிடித்தது மாதிரி.

"ஆறாம் நம்பர் குற்றமற்றது" என்றார் டீச்சர்.

அதிகாரி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. காகிதம் கேட்டார், எழுதினார், கொடுத்தார். அவர் எதையும் இவ்வளவு சுலபமாகக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அதுதான் கொஞ்சம் உறுத்திற்று.

இதோ பாருங்கள், பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன். படியுங்கள். 'எண்பத்து மூன்றாம் வருடம் ஃபிட்டர் சவரிமுத்து மீது நான் சுமத்திய குற்றச்சாட்டு தவறானது. அந்தப் பெட்டி தடம் இறங்கியதற்கு அவர் காரணமல்ல.' கீழே கையெழுத்து. பார்த்தீர்களா, 'அவர்' என்று எழுதியிருக்கிறார். வாயில்தான் இன்னும் நீ, வா, போ.

அச்சடித்துக் கொடுத்தீர்களா என்றா கேட்கிறீர்கள்? கொடுப்பேன். பிரஸ்ஸுக்குப் போனேன். அங்கே அச்சடிக்கிற சங்கரலிங்கம், "தலைப்பு என்ன தோழர்?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று வரவில்லை. அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். அடுத்த வாரம் போனால், நான் எப்போதும் போடுகிற மஞ்சள் காகிதம் இல்லை. அதற்கப்புறம் மழை. மழையில் கேட்டில் நின்று கொடுத்தால் நனைந்துவிடும் அல்லவா? மூன்று மாதம் ஆகிறது. அவசரம் ஒன்றுமில்லை. உண்மை எங்கே ஓடிவிடப் போகிறது?

வருகிறது பாருங்கள். கேளுங்கள், பேசாதீர்கள்... நாலு... ஐந்து... இதோ, இந்தப் பெட்டி, கேட்டீர்களா? ஒரு சத்தம் தனியாக. எவனோ ஒருவன் நன்றாக இறுக்கி அனுப்பியிருக்கிறான். சின்ன வயசுப் பையனாக இருக்கும்.

கேட் திறந்துவிட்டது. டிரைவர் வருகிறார், டீயை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் வருகிறார். நல்ல தொழிலாளி.

நானா? தஞ்சாவூர்தான். இன்றைக்குத்தான் கண்காட்சி. அதிகாரியும் டீச்சரும் ஏழு பெட்டியோடு காரில் போய்விட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நிர்வாகத்தின் காரில் நான் ஏற மாட்டேன். ஆறாம் நம்பரையும் ஏற்ற விடவில்லை. சஸ்பென்ஷனில் இருந்த ஆள் சங்கத்தோடுதான் வேலைக்குத் திரும்ப வேண்டும். இந்த வேட்டிக் கடை அட்டைப்பெட்டியில்தான் இருக்கிறது, பஞ்சு வைத்திருக்கிறேன். பாருங்கள். மெதுவாகப் பிடியுங்கள். இந்தப் போகியை விரலால் அசையுங்கள். திரும்புகிறது, சாயவில்லை அல்லவா? இப்போது அந்தப் போகி. எல்லாப் பக்கமும் சாய்ந்து கொடுக்கிறது பாருங்கள். அரைச் சுற்று. மூன்று மாதமாக அந்தத் திருகாணியை நான் தொடவில்லை. தொட்டால் என் கை சும்மா இருக்காது, இறுக்கிவிடும்.

ஓர் உதவி, தோழர். கண்காட்சிப் பக்கம் வந்து அவரைப் பார்த்தால் இதையெல்லாம் சொல்லிவிடாதீர்கள். உயரமாக இருப்பார், தலை கருகருவென்று இருக்கும், சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். அன்றைக்கு இன்னொரு வடையைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் ஆறாம் நம்பரைக் கவிழ்ப்பதைப் பார்த்தபடி மாடிப்படித் திருப்பத்தில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று அவருக்குத் தெரியாது. பாவம், அந்த மனிதர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு தொழிலாளியிடம் தோற்றிருக்கிறார். அன்றிலிருந்து நன்றாகச் சாப்பிடுகிறாராம், டீச்சர் சொன்னார். எதற்குக் கெடுப்பானேன்?